கடல் கடந்து ஊழியம்: புதிதாகத் தொடங்குவதா, இருப்பவர்களோடு சேர்வதா?

என் பழைய நோட்டு ஒன்றில் ஒரு ஊழியத்தின் பெயர் இருக்கிறது. பெயருக்குக் கீழே பென்சிலால் வரைந்த சின்னம். அதற்கும் கீழே ஐந்தாண்டுத் திட்டம். எந்த நாடு என்ற இடம் மட்டும் காலி. அந்த வயதில் அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை.

இப்படி ஒரு நோட்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். மிஷனரிக் கூட்டத்தில் பாரம் வந்து கண்ணீரோடு எழுந்து நின்றவர்கள், பணி ஓய்வுக்குப் பிறகு வரும் ஆண்டுகளை ஆண்டவருக்கு என்று ஒதுக்கி வைத்தவர்கள், ஏதோ ஒரு நாட்டின் படத்தைப் பார்த்துத் தூக்கம் தொலைத்தவர்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கர்த்தர் கதவைத் திறப்பார். திறப்பார், சந்தேகமில்லை. ஆனால் எந்தக் கதவின் முன்னால் நாம் நிற்கிறோம் என்பதை நாம்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

கதவுகள் ஏறக்குறைய ஐந்து. சொந்தமாக ஒரு அமைப்பைத் தொடங்குவது. ஏற்கெனவே நடக்கும் மிஷன் நிறுவனத்தில் தன்னார்வலராகச் சேர்வது. அந்த நாட்டுச் சபை ஒன்றின் கீழ், அவர்கள் கேட்ட வேலையைச் செய்வது. பவுலைப் போல ஒரு தொழிலோடு போய் அங்கே வாழ்வது. போகாமல் இருந்து, போகிறவர்களைத் தாங்குவது. இரண்டு வாரக் குழுப் பயணம் என்று இன்னொன்றும் உண்டு. அதற்கு ஒரு பத்தி போதும், பிறகு சொல்கிறேன்.

முதல் வழிதான் கனவில் வருவது. அதனால் அதிலேயே கொஞ்சம் நிற்கலாம்.

சொந்தமாகத் தொடங்குவதற்கு ஒரே ஒரு நல்ல காரணம் இருக்கிறது: அந்த வேலையை அங்கே வேறு யாரும் செய்யவில்லை என்பது. 1732இல் ஜெர்மனியில் ஹெர்ன்ஹுட் என்ற சிறு குடியேற்றத்திலிருந்து, மொராவியன் என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த இரண்டு சகோதரர்கள் கிளம்பினார்கள். ஒருவர் குயவர், மற்றவர் தச்சர். கரீபியன் கடலில் டேனிஷ்காரர்களின் ஆட்சியில் இருந்த செயின்ட் தாமஸ் தீவின் அடிமைகளிடம் போக வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அன்றைக்கு அந்த அடிமைகளைத் தேடிப் போக யாருக்கும் மனமில்லை. அந்த மாதிரி ஒரு வெற்றிடம் இருந்தால் தொடங்கலாம்.

இன்றைக்கு அப்படிப்பட்ட வெற்றிடங்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. வரைபடத்தில் காலியாகத் தெரியும் ஊரில் ஏற்கெனவே ஒரு சிறு சபை இருக்கும், ஒரு செவிலியர் தன் வீட்டுத் திண்ணையில் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பார். அவர்களுக்கு இணையதளம் இருக்காது. அதனால் நம் தேடலில் அவர்கள் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

தனியாகப் போய்ச் சாதித்தவர்கள் என்று நாம் சொல்லும் கதைகளையும் ஒருமுறை சரியாகப் படிக்க வேண்டும். இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு வந்த மிஷனரி வில்லியம் கேரி அதற்கு நல்ல உதாரணம். 1793இல் வங்காளத்தில் வந்து இறங்கியபோது அவரிடம் கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் அனுமதி இல்லை. கொண்டுவந்த பணம் சீக்கிரமே தீர்ந்தது. 1794இல் அவுரித் தொழிற்சாலை ஒன்றை நிர்வகிக்கும் வேலைக்குப் போனார். அதே ஆண்டில் ஐந்து வயது மகன் பீட்டரை இழந்தார். மனைவி டோரதி மனநோயில் விழுந்து, 1807இல் இறக்கும்வரை குணமாகவே இல்லை. முதல் ஞானஸ்நானம் 1800ஆம் ஆண்டின் கடைசியில்தான், அதாவது ஏழு ஆண்டுகள் கழித்து. அவர் பெயரோடு நாம் சேர்த்துச் சொல்லும் அச்சகம், மொழிபெயர்ப்பு, கல்லூரி எல்லாம் அவர் டேனிஷ் ஆட்சியில் இருந்த செராம்பூருக்குப் போய், மார்ஷ்மன், வார்டு என்ற இரண்டு தோழர்களோடு ஒரே குடும்பம் போல வாழத் தொடங்கிய பிறகு வந்தவை. டோரதிக்கு அந்தப் பயணத்தில் முதலில் விருப்பமே இல்லை என்பதை மிஷனரிக் கூட்டங்களில் யாரும் அதிகம் சொல்வதில்லை. சொல்ல வேண்டும். வீட்டில் ஒருவருக்கு அழைப்பு, மற்றவருக்கு வெறும் பெட்டி கட்டும் வேலை என்றால், அந்தக் குடும்பம் எந்த வழியிலும் கிளம்பக் கூடாது என்பது என் கருத்து.

அப்புறம் காகித வேலை. கனவில் இது வருவதே இல்லை. வெளிநாட்டில் ஒரு அமைப்பைப் பதிவு செய்ய, அந்த நாட்டுக் குடிமக்களை நிர்வாகக் குழுவில் வைக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. ஆண்டுக் கணக்கு, தணிக்கை, வெளியிலிருந்து வரும் பணத்துக்கு விளக்கம் எல்லாம் உண்டு. வங்கிகள் புதிய தொண்டு அமைப்பு என்றாலே சந்தேகத்தோடு பார்க்கும். நிலம் இன்னும் சிக்கல். தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் வெளிநாட்டவர் பொதுவாக நிலத்துக்கு உரிமையாளராக முடியாது. உடனே ஒரு உள்ளூர் நண்பர் பெயரில் வாங்கிக் கட்டடம் எழுப்புவார்கள். நண்பர் நல்லவராகவே இருக்கட்டும், அவர் இறந்தால் நிலம் அவருடைய பிள்ளைகளுக்குப் போகும். அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் தரிசனம் எதுவும் தெரியாது.

அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹைட்டியில் நடந்ததை நினைத்துக்கொள்கிறேன். 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சிறு குழு 33 குழந்தைகளைப் பேருந்தில் ஏற்றிப் பக்கத்து நாடான டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுபோகப் பார்த்தது. அங்கே ஒரு அனாதை இல்லம் தொடங்குவது அவர்கள் திட்டம். எல்லையில் பத்துப் பேரும் கைதானார்கள். குழந்தைகளை நாடு விட்டு நாடு கொண்டுபோவதற்கான ஆவணங்கள் அவர்களிடம் இல்லை. விசாரித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். குழுவினரின் பக்தியை நான் சந்தேகப்படவில்லை. யாரையும் கேட்காமல் பக்தி வேலை செய்தது என்பதுதான் பயம்.

அனாதை இல்லம் என்ற சொல் வந்ததால் ஒரு வார்த்தை. ஊழியக் கனவுகளில் மிக அதிகமாக வருவது அதுதான். உலகம் முழுக்க அனாதை இல்லங்களில் இருக்கும் குழந்தைகளில் பெரும்பான்மையோருக்குப் பெற்றோரில் ஒருவராவது இருக்கிறார் என்று குழந்தைகள் நலத்தில் வேலை செய்பவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். வறுமைதான் பிள்ளையை இல்லத்துக்கு அனுப்புகிறது. அப்படியானால் உதவி இல்லத்துக்கு அல்ல, அந்தத் தாயின் வீட்டுக்குப் போக வேண்டும். ஆனால் ஒரு தாய்க்கு மாதா மாதம் அரிசிக்கும் பள்ளிக்கும் உதவுவதைப் படம் எடுத்துக் காட்ட முடியாது, கட்டடத்தைக் காட்டலாம். நன்கொடை கட்டடத்துக்குத்தான் சுலபமாக வருகிறது.

நீங்கள் சொந்தமாகத்தான் தொடங்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ள ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். நீங்கள் நினைத்த அதே ஊரில், நீங்கள் நினைத்த அதே வேலையை, வேறு ஒருவர் ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருக்கிறார் என்று நாளைக்குத் தெரிய வருகிறது. சந்தோஷம் வருமா, ஏமாற்றம் வருமா? எனக்கு ஏமாற்றம்தான் வந்தது. நோட்டை மூடி வைத்தது அன்றைக்குத்தான்.

சரி, இருக்கும் நிறுவனத்தில் சேர்வது எப்படி?

இங்கே கிடைக்கும் பெரிய நிம்மதி, மற்றவர்கள் ஏற்கெனவே தவறு செய்து கற்றிருக்கிறார்கள் என்பது. விசா எப்படி எடுப்பது, காப்பீடு எது, கலவரம் வந்தால் யார் வந்து அழைத்துப் போவார்கள், குழந்தைகளோடு வேலை செய்பவர்களை எப்படிச் சோதித்து எடுப்பது, எல்லாவற்றுக்கும் ஒரு நடைமுறை இருக்கும். 1960இல் தொடங்கிய யூத் வித் எ மிஷன் என்ற மிஷன் அமைப்பு, சேருகிறவர்களை முதலில் சுமார் மூன்று மாதம் உட்கார வைத்துக் கற்பித்து, அதன் பிறகு இரண்டு மூன்று மாதம் களத்துக்கு அனுப்புகிறது. 1978இல் உருவான மர்சி ஷிப்ஸ் மருத்துவமனைக் கப்பல்களை ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்குக் கொண்டுபோய்ப் பல மாதம் நிறுத்தி இலவச அறுவை சிகிச்சை செய்கிறது. அந்தந்த நாட்டு அரசு அழைத்தால்தான் போகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். அந்தக் கப்பலுக்கு மருத்துவர் மட்டும் போதாது. சமையல்காரர், மின்பணியாளர், இயந்திர அறையில் நிற்கிறவர், ஊழியர்களின் பிள்ளைகளுக்கு ஆசிரியர் எல்லோரும் வேண்டும். "எனக்குப் பிரசங்கம் வராது, நான் எப்படி மிஷனரியாவது?" என்று தயங்குபவர்களுக்கு இது நல்ல செய்தி.

இடைஞ்சல்களும் உண்டு. தன்னார்வம் என்றால் சம்பளம் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும். தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் நாமே மாதா மாதம் கட்ட வேண்டும் என்பதுதான் பலருக்கு அதிர்ச்சி. மர்சி ஷிப்ஸில் அறுவை சிகிச்சை நிபுணர்களும் பல ஆண்டுகள் அப்படித்தான் கட்டி வந்தார்கள். ஆதரவாளர்களைத் தேடிச் சபை சபையாக ஏறி இறங்க வேண்டும். முதல் ஆண்டில் ஜெபக் கடிதத்துக்குப் பதில் வரும். மூன்றாம் ஆண்டில் பாதிப் பேர் மறந்திருப்பார்கள். அதற்கு மேல், நீங்கள் நினைத்த நாட்டுக்கே அனுப்புவார்கள் என்று சொல்ல முடியாது. சக ஊழியர்களோடு ஒத்துப்போவது தனிப் பாடம். பவுலும் பர்னபாவும் மாற்குவின் காரணமாகக் கடும் கோபங்கொண்டு பிரிந்ததை அப்போஸ்தலர் நடபடிகள் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. நமக்கு மட்டும் சுலபமாக இருக்குமா?

இளையவர்களுக்கு, வெளிநாட்டு வாழ்க்கை எப்படி என்று இன்னும் தெரியாதவர்களுக்கு, இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. ஒன்றிரண்டு ஆண்டுகள் இன்னொருவர் தலைமையின் கீழ் இருக்க முடியாதவர், சொந்த அமைப்பு தொடங்கினால் மற்றவர்கள் தன் கீழ் எப்படி இருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறார்?

மூன்றாவது வழிதான் நான் பரிந்துரைப்பது: அந்த நாட்டுச் சபையின் கீழ் வேலை செய்வது. இதில் நீங்கள் விருந்தாளியாகப் போய் வேலைக்காரராக இருப்பீர்கள். திட்டம் அவர்களுடையது. உங்கள் பெயர் எந்தப் பலகையிலும் வராது.

துரோவா பட்டணத்தில் பவுல் கண்ட தரிசனத்தைக் கவனித்தால், அங்கே நின்றது ஒரு மக்கெதோனியன், கடலுக்கு அப்பால் இருந்த மக்கெதோனியா நாட்டுக்காரன். வந்து எங்களுக்கு உதவிசெய்யும் என்று கேட்டது அந்த ஊர்க்காரன். நம்முடைய தரிசனங்களில் பெரும்பாலும் நாம்தான் நடுவில் நிற்கிறோம். உதவி கேட்கும் ஆளின் முகம் தெளிவாக இருப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹென்றி வென், ரூபஸ் ஆண்டர்சன் என்ற இரண்டு மிஷன் செயலர்கள், ஒருவர் இங்கிலாந்தில், மற்றவர் அமெரிக்காவில் இருந்துகொண்டு, ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தார்கள்: புதிய சபை தன்னைத்தானே ஆள வேண்டும், தன் செலவைத் தானே தாங்க வேண்டும், தானே பரவ வேண்டும், மிஷனரி அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். கேட்க எளிது. எத்தனை மிஷனரிகள் அப்படி நகர்ந்தார்கள் என்பது வேறு விஷயம். 1950களின் தொடக்கத்தில் சீனாவிலிருந்து வெளிநாட்டு மிஷனரிகள் எல்லோரும் வெளியேற வேண்டி வந்தபோது, அங்கே எல்லாம் முடிந்துபோயிற்று என்று பலர் நினைத்தார்கள். கடும் ஒடுக்குமுறைக்குள்ளும் அந்தச் சபை பிழைத்தது, பிறகு பல மடங்கு பெருகியது. வெளியாள் இல்லாமல் நடக்கும் வேலைதான் நிலைக்கிறது.

ஆனால் இங்கே ஏமாறும் வாய்ப்பும் அதிகம். இணையத்தில் யாரோ ஒருவர் "பிரதர், எங்கள் ஊழியத்துக்கு வாருங்கள்" என்று எழுதினால் அது மக்கெதோனிய அழைப்பு ஆகிவிடாது. அவரை அதே ஊரில் உள்ள மற்றப் போதகர்களுக்குத் தெரியுமா, அவர் யாருக்குக் கணக்குக் கொடுக்கிறார், அவருடைய சபையில் அவருடைய குடும்பத்தைச் சேராத பெரியவர்கள் இருக்கிறார்களா என்று விசாரிக்க வேண்டும். விசாரிப்பதை அவிசுவாசம் என்று சொல்கிறவரிடம் போகவே வேண்டாம். நான் ஒருமுறை விசாரிக்காமல் பணம் அனுப்பினேன். கிணறு என்று வந்த படத்தை வேறொருவரின் கடிதத்திலும் பார்த்தேன்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் வேலை பெரும்பாலும் அலுப்பானதாகவே இருக்கும். கணக்குப் புத்தகம் எழுதுவது, பழுதான கணினியைச் சரிசெய்வது, அவர்களுடைய ஆசிரியர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது. முதல் ஆண்டில் பாதி, மொழி படிப்பதிலேயே போய்விடும். நாலு வயதுக் குழந்தைகூட உங்கள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கும். அந்தச் சிரிப்பைத் தாங்கிக்கொண்டால் அந்த ஊரில் உங்களுக்கு ஒரு இடம் கிடைத்துவிடும்.

தொழிலோடு போவதைப் பற்றி. கொரிந்துவில் பவுல் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாவோடு கூடாரம் செய்தார். மக்கெதோனியாவிலிருந்து சகோதரர்கள் உதவி கொண்டுவந்தபோது அதையும் வாங்கிக்கொண்டார். இரண்டில் ஒன்றுதான் சரி என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. மிஷனரி விசா என்ற ஒன்றே இல்லாத நாடுகளுக்கு இதுதான் வழி. செவிலியர், பொறியாளர், ஆசிரியர், கணக்காளர் எல்லோரும் போகலாம். குடும்பம் உள்ளவர்களுக்கு வருமானமும் மருத்துவக் காப்பீடும் கிடைக்கும். பிள்ளைகளின் படிப்புக்காக யாரிடமும் கையேந்த வேண்டாம்.

ஆனால் தொழில் ஒரு முகமூடியாக இருக்கக் கூடாது. பொறியாளர் விசாவில் போனால் நல்ல பொறியாளராக வேலை செய்ய வேண்டும். கம்பெனி நேரத்தில் ஊழியம் பார்க்கிறவரின் சாட்சியை அவருடைய மேலாளரே நம்ப மாட்டார். சட்டத்தையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். நேபாளத்தின் அரசியலமைப்பு பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை, வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்தல். நீங்கள் விமானம் ஏறி வந்துவிடலாம். உங்களோடு அமர்ந்து ஜெபித்த உள்ளூர்க்காரர் எங்கே போவார்? ஆபத்தைப் பற்றிப் பேசும்போது நாம் நம் ஆபத்தை மட்டுமே எண்ணுகிறோம். சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்துவிட்டு வரலாம் என்ற யோசனையும் அப்படித்தான். சம்பளம் வாங்காத தன்னார்வ வேலையையும் வேலையாகவே கணக்கில் எடுக்கும் நாடுகள் உண்டு. அதன் விளைவு உங்களை அழைத்த சபையின் மேல்தான் விழும்.

குழுப் பயணம்: இருபது பேர் இரண்டு வாரம் போய்ப் பள்ளிக்கூடச் சுவருக்கு வண்ணம் அடிக்கிறார்கள். விமானக் கட்டணத்தின் ஒரு சிறு பங்கில் அந்த ஊர் பெயிண்டருக்கு ஒரு மாத வேலை கொடுத்திருக்கலாம். பார்த்துக் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுப் போனால் நல்லது. உதவப் போகிறோம் என்று சொல்ல வேண்டாம்.

இருந்த இடத்திலிருந்து தாங்குவது கனவு காண்பவர்களுக்குத் தோல்வி போலத் தெரியும். கேரியின் நண்பர் ஆண்ட்ரூ புல்லர், சுரங்கத்துக்குள் இறங்குகிறவருக்காக மேலே கயிறு பிடிக்கிறவர்கள் என்ற படிமத்தைப் பழக்கப்படுத்தினார். அவர் சாகும்வரை, 1815 வரை, அந்தக் கயிற்றை விடவில்லை. கேரியின் பெயர் தெரிந்த அளவுக்கு அவர் பெயர் நமக்குத் தெரியாது. இன்னொன்று, வெளிநாடு நம்மைத் தேடியும் வருகிறது. படிக்க வந்த மாணவர், வேலைக்கு வந்த குடும்பம், துறைமுகத்தில் இரண்டு நாள் நிற்கும் கப்பலின் மாலுமி. மாலுமிகளுக்காகவே 1856இல் தொடங்கிய மிஷன் டு சீஃபேரர்ஸ் இன்றும் துறைமுகம் துறைமுகமாக அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்நிய மொழிக்காரர் ஒருவரைக்கூட வீட்டுக்குச் சாப்பிட அழைத்ததில்லை, ஆனால் அவருடைய நாட்டுக்குப் போய் ஊழியம் செய்யத் துடிக்கிறேன் என்றால், கொஞ்சம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

இதையெல்லாம் வைத்து யாருக்கு எது? கையில் ஒரு மருத்துவத் திறமை இருக்கிறது, ஆண்டுக்குச் சில வாரமோ சில மாதமோ ஒதுக்க முடியும் என்றால் கப்பல் போன்ற நிறுவன வேலை. இருபதுகளில் இருக்கிறவர், எந்தக் கடனும் இல்லை என்றால் பயிற்சியும் இரண்டு ஆண்டு சேவையும். பள்ளி வயதுப் பிள்ளைகள் இருந்தால் தொழிலோடு போவது, இல்லையென்றால் காத்திருப்பது. ஓய்வு பெற்றவர்களை உள்ளூர்ச் சபைகள் உண்மையாகவே விரும்புகின்றன, முக்கியமாகக் கணக்கும் நிர்வாகமும் தெரிந்தவர்களை. கடன் பாக்கி இருந்தால் யாரானாலும் முதலில் அதை அடைக்க வேண்டும். திரும்பி வரும் டிக்கெட்டுக்கும் அவசர மருத்துவத்துக்கும் தனியாகப் பணம் இல்லாமல் யாரும் கிளம்ப வேண்டாம். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார், அதை அவிசுவாசம் என்று யாரும் சொல்லவில்லை.

சொந்தமாகத் தொடங்க வேண்டியவர்களும் உண்டு, இல்லையென்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஊரில் இரண்டு ஆண்டாவது வாழ்ந்து, மொழியில் சண்டை போடவும் மன்னிப்புக் கேட்கவும் தெரிந்து, அந்த ஊர்க்காரர்கள் மூன்று பேராவது "இதை நாம் சேர்ந்து தொடங்கலாமா?" என்று தாங்களே கேட்டால், தொடங்கலாம். தொடங்கும் அன்றைக்கே, எந்த ஆண்டில் யாரிடம் ஒப்படைப்பது என்று எழுதி வைத்துவிட வேண்டும். எருசலேமுக்குப் போன நெகேமியா, மனதில் இருந்ததை யாருக்கும் சொல்லாமல், மூன்று நாள் பொறுத்து, இரவில் போய் இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். பேச்சு அதற்குப் பிறகுதான்.

இந்த மாதம் செய்ய வேண்டிய வேலை சின்னதுதான். நினைத்த நாட்டில், விசாரித்துத் தெரிந்துகொண்ட ஒரு சபைக்கோ நிறுவனத்துக்கோ ஒரு கடிதம். அதில் உங்கள் தரிசனத்தை எழுத வேண்டாம். மூன்று கேள்விகள் போதும்: இப்போது நீங்கள் செய்துகொண்டிருக்கும் வேலை என்ன, அதில் ஆள் பற்றாக்குறை எங்கே, வெளியிலிருந்து வந்தவர்களால் இதுவரை என்ன சிரமம் பட்டீர்கள். மூன்றாவது கேள்விக்கு நேர்மையாகப் பதில் எழுதுகிறவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். பதில் வர மாதக் கணக்கில் ஆகலாம். அதற்குள் அந்த மொழியின் எழுத்துகளைப் படித்து முடித்துவிடலாம்.